சிவகாசியும் நம்ம ஜில்லாதான்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

பட்டாசுச் சீட்டு பற்றிப் பேச்சு வந்தபோது, "சிவகாசிக்காரங்களுக்கும் நம்ம கடற்கரைக்கும் என்ன சம்பந்தம்?" என்று சார்ஜாவில் இருக்கும் தம்பி கேட்டிருந்தார். சம்பந்தம் உண்டு தம்பி. 1910-இல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பகுதிகளை எடுத்து ராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கியபோது சிவகாசியும் அதில் சேர்ந்தது. 1985-இல் மூன்றாகப் பிரிக்கும் வரைக்கும் தொண்டி, தேவிபட்டினம், சிவகாசி எல்லாம் ஒரே மாவட்டம். என் வயதுக்காரர்கள் பார்த்த பழைய தீப்பெட்டி லேபிள்களில் சிவகாசிக்கு அடுத்து ராமநாதபுரம் பெயர்தான் இருக்கும்.

அந்த ஊர்க் குடும்பக் கம்பெனிகள் வளர்ந்த கதையை நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மைப் போலவே மழையை நம்ப முடியாத பூமி அது. நாம் பிழைப்பு தேடிக் கப்பலேறினோம். அவர்களும் வெளியூர் போனார்கள், ஆனால் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊருக்கே திரும்பினார்கள்.

1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். இருவரும் உறவுக்காரர்கள். சுவீடன், ஜப்பான் தீப்பெட்டிகள் நம் கடைகளை நிறைத்திருந்த காலம். அந்த வருஷம்தான் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரியை உயர்த்தினார்கள், உள்ளூர்க்காரனுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது. தீக்குச்சி செய்யும் வித்தையைப் படித்துக்கொண்டு 1923-இல் சிவகாசியில் தொழிலைத் தொடங்கினார்கள். குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது எல்லாம் கைவேலை. வயல் வேலை இல்லாத வீடுகளுக்கு அதுவே சோறு போட்டது. சில வருஷங்களில் இருவரும் தனித்தனியே தொழில் நடத்தினார்கள். சண்முக நாடார் வழியில் வந்ததுதான் சேவல் மார்க் காளீஸ்வரி பட்டாசுக் கம்பெனி.

தீப்பெட்டியிலிருந்து பட்டாசுக்கு ஒரே தாவலாகப் போய்விடவில்லை. நடுவில் மத்தாப்புத் தீப்பெட்டி வந்தது. குச்சியை உரசினால் சிவப்பும் பச்சையுமாக எரியுமே, அதுதான். அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்து வெளிநாட்டு வெடி வருவது நின்றது. 1940-இல் வெடிபொருள் விதிகள் வந்து, உரிமம் எடுத்து முறையான ஆலை நடத்தும் வழியும் பிறந்தது. 1942-இல் ஸ்டாண்டர்ட் ஃபயர்வொர்க்ஸ் ஆரம்பமானது. இப்படி ஒரு தொழில் அடுத்த தொழிலைப் பெற்றெடுத்தது. தீப்பெட்டிக்கும் வெடிக்கும் லேபிள் வேண்டுமே என்று அச்சகங்கள் முளைத்தன. நம் வீட்டுச் சுவர்க் காலண்டர் வரைக்கும் அங்கிருந்து வந்தது இதனால்தான்.

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நாடார்களின் ஊர்ச் சங்கமான உறவின்முறையில் மகமை என்று ஒரு வழக்கம் உண்டு. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுவுக்கு எடுத்து வைப்பார்கள். நம் கரையில் மீன் ஏலத்தில் ஊர்ப் பங்கு எடுக்கிற மாதிரிதான். அந்தப் பணம் பள்ளிக்கூடமாகவும் வியாபாரிக்குத் துணையாகவும் நின்றது. பின்னாளில் இந்தக் குடும்பங்கள் கல்லூரிகளும் கட்டின. அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-இல் வந்தது. ஸ்டாண்டர்ட் குடும்பத்தின் பெண்கள் கல்லூரி 1968-இல் வந்தது. நம் சங்கம் முப்பது நாள் விவாதித்தாலும் ஒரு நூலகத்துக்குக் கூரை போட முடியாமல் இருப்பதை நினைத்தால் எனக்கு மனசு வலிக்கிறது.

இந்த வளர்ச்சிக்கு விலையும் உண்டு, அதை மறைத்துச் சொன்னால் கதை பாதிதான். பல வருஷங்கள் பிள்ளைகளின் கைகள் அந்த வேலையில் இருந்தன. மருந்து கலக்கும் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்ட வேண்டும், அறைக்குள் ஆள் கூடக்கூடாது என்று விதி இருக்கிறது. அவசர ஆர்டர் வந்தால் அதை மீறுகிறவர்கள் உண்டு. 2012 செப்டம்பரில் சிவகாசிப் பக்கத்து முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இன்றைக்கும் வெயில் காலத்தில் அந்தப் பக்கத்துச் செய்தி என்றாலே எனக்கு நெஞ்சு திக்கென்கிறது.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்தது. பேரியம் பச்சை நிறத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கம்பி மத்தாப்பு, புஸ்வாணம் இரண்டிலும் அதுதான் முக்கிய மருந்தாக இருந்தது. மூன்றாம் தலைமுறை முதலாளிகளும் புது மருந்துக் கலவையைப் படிக்க வேண்டியதாயிற்று. இப்போது புகை குறைந்த பசுமைப் பட்டாசுப் பெட்டியில் நீரி என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனத்தின் முத்திரையும் க்யூஆர் குறியும் இருக்கும். சீட்டுப் பணத்தில் வாங்கும்போது அதைப் பார்த்து, உரிமம் உள்ள கடையில் பில்லோடு வாங்குங்கள். சரம் வேண்டவே வேண்டாம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. ஐப்பசி மழையும் உப்புக்காற்றும் சேர்ந்தால் நம் ஊரில் எந்த வெடியும் நமத்துப்போகும். பெட்டியைப் பாலிதீனில் சுற்றி, தரையில் வைக்காமல் பரணில் வையுங்கள். நமத்ததை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நனைந்தே போனதைக் காயவைத்துக் கொளுத்தவும் வேண்டாம். அலுமினியப் பொடி கலந்த மருந்து ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். வாளித் தண்ணீரில் முழுக்க ஊறப்போட்டு, வீட்டுக்கு வெளியே தள்ளி வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து உங்கள் அண்ணன்