இடித்த வீட்டின் கான்கிரீட்டை உடைத்துப் புதுத் தூணிலும் தளத்திலும் போடலாமா?

வீட்டு உரிமையாளர், திருவான்மியூர்:
கடற்கரைக்கு மிக அருகிலுள்ள எங்கள் பழைய மாடி வீட்டை இடித்துவிட்டு, அதே மனையில் புதிதாகக் கட்டவிருக்கிறோம். இடிபாட்டை 20 மி.மீ. ஜல்லியாக உடைத்து, கருங்கல் ஜல்லியோடு பாதிக்குப் பாதி கலந்து, தூண், உத்தரம், தளம் எல்லாவற்றிலும் போடலாம் என்று ஒப்பந்ததாரர் சொல்கிறார். இதற்கு நம் தரநிலைகளில் இடமுண்டா?

கட்டமைப்புப் பொறியாளர், கோவை:
இடமுண்டு, பாதிக்குப் பாதி என்பதற்கு இல்லை. கான்கிரீட்டில் சேர்க்கும் ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 383-இன் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு, கான்கிரீட்டை மட்டும் உடைத்தெடுத்த ஜல்லியைக் கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 விழுக்காடு வரையில், அதுவும் எம் 25 தரம் வரை மட்டுமே அனுமதிக்கிறது (எம்-க்குப் பின்வரும் எண் கான்கிரீட்டின் வலிமையைக் குறிக்கும்; எண் கூடக் கூட வலிமை அதிகம்). கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 விழுக்காடு. எம் 15-க்குக் குறைந்த, சிமெண்ட் குறைவான மெலிந்த கலவையில் முழுவதையுமே அதுவாகப் போடலாம். செங்கல், பூச்சு, ஓடு கலந்த இடிபாட்டு ஜல்லியோ மெலிந்த கலவைக்கு மட்டுமே உரியது. பழைய வீடு என்கிறீர்கள். சுவர் செங்கல்லாகவும் மேலே சுருக்கியும் (செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த சாந்து) தட்டோடுமாகவும் இருந்தால், இயந்திரத்தில் கொட்டுவதில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகையாகவே இருக்கும்.

கலவை ஆலைத் தரக்கட்டுப்பாட்டாளர், செங்கல்பட்டு:
விகிதத்தைவிட நீரைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். உடைத்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், கல்லைச் சுற்றிப் பழைய சிமெண்ட் சாந்து சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். நுண்துளைகள் நிறைந்த அந்தச் சாந்துதான் நீரை உறிஞ்சுகிறது. நல்ல கருங்கல் ஜல்லி தன் எடையில் ஒரு விழுக்காடு நீரைக்கூடப் பெரும்பாலும் உறிஞ்சாது; இத்தகைய ஜல்லிக்கோ, முன்கூட்டி நனைத்துப் பயன்படுத்தும் நிபந்தனையின் பேரில், 10 விழுக்காடு வரை தரநிலையே விட்டுக்கொடுக்கிறது. நனைக்காமல் போட்டால் கலவை சில நிமிடங்களில் இறுகத் தொடங்கும். உடனே குழாயைத் திருப்பித் தண்ணீர் விடுவார்கள் (எந்த மேஸ்திரியும் இதைத்தான் செய்வார்), நீர்–சிமெண்ட் விகிதம் கெட்டு வலிமை குறையும். வலிமை சரியாக வந்தாலும் நெகிழ்வுக் குணகம் (பாரத்தில் வளையாமல் நிற்கும் விறைப்பு) குறைந்தும் உலர்சுருக்கம் (காயும்போது சுருங்கும் அளவு) கூடியும் இருக்குமாதலால், நீண்ட தளங்களில் தொய்வையும் விரிசலையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கட்டமைப்புப் பொறியாளர், கோவை:
இந்த வீட்டுக்கு இன்னொரு தடையும் உண்டு. கடலோரக் காற்றுக்கு வெளிப்படும் கான்கிரீட்டை, கான்கிரீட் கட்டுமானத்துக்கான தரநிலையான ஐ.எஸ். 456 'கடுமையான' சூழலில் வைத்து, கம்பி கட்டியதற்குக் குறைந்தது எம் 30 தரத்தைக் கேட்கிறது. அந்த ஜல்லிக்கான உச்சவரம்போ எம் 25. ஆகவே உங்கள் வெளித்தூண்களுக்கும் பால்கனிக்கும் மொட்டைமாடித் தளத்துக்கும் 20 விழுக்காடுகூடக் கிடையாது. பல்லாண்டுகள் உப்புக்காற்றில் நின்ற பழைய கான்கிரீட்டில் குளோரைடு (கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்புக்கூறு) ஏறியிருக்கலாம்; அதுவும் கம்பிக்கு ஆகாது. பரிசோதிக்காமல் உள்தூண்களுக்கும் நான் ஒப்புதல் தரமாட்டேன்.

வீட்டு உரிமையாளர், திருவான்மியூர்:
விளக்கத்துக்கு நன்றி. அப்படியானால் இடிபாடு முழுவதையும் வெளியே அனுப்பிவிட வேண்டியதுதானா?

கலவை ஆலைத் தரக்கட்டுப்பாட்டாளர், செங்கல்பட்டு:
வேண்டியதில்லை. மரம், ஜிப்சம் பூச்சு, பிளாஸ்டிக் ஆகியவற்றைப் பொறுக்கி நீக்கிய பின், அடித்தளத்துக்குக் கீழே போடும் மெலிந்த கான்கிரீட் படுகைக்கு அந்த ஜல்லி பொருந்தும். ஜிப்சத்தில் கவனம் தேவை. அதிலுள்ள சல்பேட் பின்னாளில் கான்கிரீட்டை உப்பச் செய்யும். எஞ்சியதை மாநகராட்சியின் கட்டட இடிபாட்டு மறுசுழற்சி நிலையத்துக்கு அனுப்பலாம். உங்கள் பக்கத்துக்குப் பெருங்குடிதான் அருகில்.