பேயைவிட ஷாட் பயமுறுத்திய அனுபவங்கள்

மேக்கப், திடீர்ச் சத்தம், கிராபிக்ஸ் எல்லாம் ஓரமாக இருக்கட்டும். கேமராவை வைத்த இடத்தாலும் கட் பண்ணாமல் விட்ட தைரியத்தாலும் மட்டுமே உங்களைக் கதிகலங்க வைத்த காட்சி எது? தியேட்டரில் பார்த்ததையும் எழுதலாம், படப்பிடிப்பில் பட்டதையும் எழுதலாம். நானே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு 1990இல் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட் 3'. மூல நாவலை எழுதிய வில்லியம் பீட்டர் பிளாட்டியே இயக்கிய படம். ராத்திரி நேர ஆஸ்பத்திரி வராந்தா. கேமரா இந்தக் கோடியில் அசையாமல் நிற்கிறது, அந்தக் கோடியில் நைட் டியூட்டி நர்ஸ், முகம்கூடச் சரியாகத் தெரியாத தூரம். ஏதோ சத்தம் கேட்டு ஓர் அறைக்குள் போகிறார். அங்கே மட்டும் கிட்டே போய்க் காட்டுகிறார்கள். டம்ளரில் இருக்கும் ஐஸ் விரிசல் விடுகிற சத்தம்தான் அது, ஆனால் படுத்திருந்த நோயாளி சடாரென்று எழுந்து கத்த, நமக்குத் தூக்கிவாரிப் போடும். சரி, பயமுறுத்த வேண்டியதைப் பயமுறுத்திவிட்டார்கள் என்று மூச்சு விடும்போது திரும்பவும் அதே தூரத்து ஷாட். காவலுக்கு இருந்தவர் நகர்ந்து போய்விடுகிறார். நர்ஸ் இன்னோர் அறையைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தி இந்தப் பக்கம் நடக்கிறார், அவ்வளவுதான், பின்னாலேயே வெள்ளை போர்த்திய ஓர் உருவம் பெரிய கத்தரியை நீட்டிக்கொண்டு வருகிறது. அந்த நொடியில்தான் கேமரா ஜூம் ஆகிறது. கொலையைக் காட்டவே இல்லை.

குளோசப்பில் எங்கே பார்க்க வேண்டும் என்று இயக்குநர் சொல்லிவிடுகிறார். இந்த மாதிரி வைட் ஷாட்டில் அந்தப் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. எந்தக் கதவு, எந்த இருட்டு என்று நாமே தேட ஆரம்பித்துவிடுகிறோம், தேடுகிறவனுக்குத்தான் பயம் அதிகம். எத்தனை முறை பார்த்தாலும் அந்த வராந்தாவில் என் கண் ஓர் இடத்தில் நிற்பதில்லை.

* * *

அண்ணா, நீங்கள் சொன்னதைக் கையால் செய்து பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. கும்பகோணம் பக்கம் ஒரு பழைய வீட்டில் குறும்படம் எடுத்தோம், நான் கேமரா அசிஸ்டென்ட். அந்த வீடுகளின் அமைப்பு தெரியும்தானே, ரேழியில் நின்றால் கூடம், முற்றம் எல்லாம் தாண்டிக் கொல்லைக் கதவு வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். நிலைக்குள் நிலை, அதற்குள் இன்னொரு நிலை.

கூடத்தில் ஓர் அம்மா உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார், பின்னால் வெள்ளைப் புடவையில் ஓர் உருவம் கடந்து போக வேண்டும். இயக்குநர் கேட்டது இதுதான். எங்கள் கேமராமேன் புடவையே வேண்டாம் என்றார். ரேழியில் ட்ரைபாடைத் தரையோடு தரையாக இறக்கி வைத்து, இடத்தை அகலமாகக் காட்டும் 24 எம்எம் லென்ஸ் போட்டு, ட்ரைபாட் கால்கள் நின்ற இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளச் சொன்னார். முதல் ஷாட்டில் கொல்லைக் கதவு சாத்தியிருக்கிறது. நடுவில் அம்மாவின் கை மட்டும் ஒரு குளோசப். அப்புறம் மறுபடி அதே ஃபிரேம், அதே உயரம், அம்மா அப்படியே உரித்துக்கொண்டிருக்கிறார், கொல்லைக் கதவு மட்டும் ஒரு சாண் திறந்திருக்கிறது. அதற்கு யாரும் ரியாக்‌ஷன் கொடுக்கக் கூடாது, பின்னணி இசையும் வேண்டாம் என்று எடிட்டரிடமும் சொல்லிவிட்டார். ஃபோகஸ் அம்மாவின் மேல்தான், கதவு லேசாக மங்கல். திரையிட்ட அன்று நான் படத்தைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவரின் கையைப் பிடித்து இழுத்து, திரையின் மூலையைக் காட்டினார். புடவை போயிருந்தால் எல்லோரும் ஒரே சமயம் கத்தியிருப்பார்கள். இதில் கதவைக் கண்டுபிடித்தவர்கள் ஒவ்வொருவராகப் பயந்தார்கள்.

எங்கள் கேமராமேனுக்கு இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது 'ரோஸ்மேரிஸ் பேபி' (1968) என்றார். பக்கத்து வீட்டுக் கிழவி படுக்கையறையில் உட்கார்ந்து போன் பேசுகிறார். ஒளிப்பதிவாளர் வில்லியம் ஃப்ரேக்கர் அந்தக் கிழவி முழுதாகத் தெரிகிற மாதிரி ஃபிரேம் வைத்திருந்தார், இயக்குநர் போலன்ஸ்கி கேமராவை நகர்த்தச் சொல்லி, கதவு நிலை அவர் முகத்தை மறைக்கும்படி செய்துவிட்டார். ஏன் என்று அப்போது ஃப்ரேக்கருக்கே புரியவில்லை. தியேட்டரில் அத்தனை பேரும் அந்த நிலைக்கு அப்பால் எட்டிப் பார்க்கத் தலையைச் சாய்த்தபோதுதான் புரிந்ததாம்.

* * *

இரண்டு பேரும் அசையாத கேமராவையே சொல்கிறீர்கள். என்னைப் பிடித்து உலுக்கியது அசைகிற கேமரா. 'தி ஷைனிங்' (1980), அந்தப் பையன் மூன்று சக்கர வண்டியில் காலியான ஹோட்டலைச் சுற்றுகிற காட்சி. நடந்துகொண்டே எடுத்தாலும் படம் ஆடாமல் பார்த்துக்கொள்ளும் கருவியான ஸ்டெடிகேமைக் கண்டுபிடித்த கேரட் பிரவுனே இந்தக் காட்சிக்குக் கேமராவை இயக்கியவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கேமராவைத் தரைக்குச் சில அங்குலம் மேலே வைத்துத் தொடர்ந்து போயிருக்கிறார். பெரியவர்களின் கண் உயரத்திலிருந்து எடுத்திருந்தால் வெறும் வராந்தாதான். பையனின் உயரத்தில் சுவர்கள் இரண்டு பக்கமும் எழுந்து நிற்கின்றன, கூடவே மரத்தரையில் கடகடவென்று சத்தம், கார்ப்பெட் வந்தால் நிசப்தம், மறுபடி கடகட. ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் நமக்கு ஒரு கணம் முன்னால் வளைகிறான். அவன் பார்த்துவிட்டான், நாம் இன்னும் பார்க்கவில்லை என்கிற அந்த ஒரு கணம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தும். கேமரா மெதுவாக ஒன்றும் போவதில்லை, ஆனாலும் கூடாது கூடாது என்றுதான் மனசு பின்னால் இழுக்கும்.

* * *

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. 'பாரானார்மல் ஆக்டிவிட்டி 3' (2011). கதையில் அந்த வீட்டுக்காரர், இடமும் வலமுமாகத் திரும்பும் மின்விசிறியின் அடிப்பாகத்தில் கேமராவைக் கட்டிவிடுவார். அது பாட்டுக்குச் சமையலறைப் பக்கம் திரும்பும், பிறகு ஹால் பக்கம் திரும்பும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்குப் பின்னால் ஒரு துணி போர்த்திய உருவம் நிற்கிறது, கேமரா அது தெரியாத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. மனிதன் பிடித்த கேமரா என்றால் அங்கேயே நின்றிருக்கும். இது மெஷின், அதற்கு எதுவும் தெரியாது, அதே வேகத்தில்தான் திரும்பி வரும். அதுவரை நாம் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சீட்டில் நான் இடது பக்கமாகச் சாய்ந்து, கேமராவைத் தள்ளிவிடலாமா என்று தவித்தேன்.

கும்பகோணம் வீட்டில் எடுத்த தம்பிக்கு ஒரு கேள்வி. கதவு திறந்திருந்த அந்த இரண்டாவது ஷாட்டை எவ்வளவு நேரம் ஓட விட்டீர்கள்? நாங்கள் அடுத்த மாதம் இதேபோல் ஒன்று எடுக்கிறோம், எங்கள் எடிட்டர் நான்கு நொடிக்கு மேல் ஒரு ஷாட்டும் நிற்கக் கூடாது என்கிறார், அவரிடம் காட்ட உங்கள் குறும்படத்தின் அந்தப் பகுதி மட்டும் கிடைத்தால் போதும்.