சுங்கை சிப்புட் பாஞ்சோ அங்கிளைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தோட்டத்துப் பையன்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கோயில் திருவிழா, கல்யாணம் என்று போனவர்கள் இவரைக் கவனித்திருப்பீர்கள். கீபோர்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் டைப்ரைட்டர் மாதிரி ஒன்றை வைத்து வாசிப்பார். அது புல்புல் தாரா. இடக்கை விரல் பொத்தானை அழுத்தும், வலக்கை கம்பியை மீட்டும். 1912இல் நகோயாவில் மோரித்தா கோரோ உருவாக்கிய தைஷோகோத்தோதான் இதற்கு மூலம். மும்பையில் இதற்கு பிக்கப் (கம்பியின் அதிர்வை ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) மாட்டி, பாஞ்சோ என்று பெயரிட்டு, விநாயகர் ஊர்வலத்தில் பின்னியெடுப்பார்கள். அங்கிளும் இதை பாஞ்சோ கணக்கில்தான் சேர்க்கிறார். பாஞ்சோ என்றால் மேளம் மாதிரி தோல் கட்டிய கம்பி வாத்தியம். தோலே இல்லாததை பாஞ்சோ என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. சரி, அவரிடம் யார் வாதாடுவது?

வீட்டுக்குப் போனால் அடுத்தது வெளியே வரும். மரக்கட்டையில் செதுக்கிய ஐந்து கம்பி எலெக்ட்ரிக் பாஞ்சோ. "அதற்குக் கித்தாரே வாங்கியிருக்கலாமே அங்கிள்?" என்றேன். அவ்வளவுதான், கையிலிருந்த தே தாரிக் டீ ஆறிப்போகும் வரை பேசினார். சாதாரண பாஞ்சோவில் கம்பிகளைத் தாங்கும் குதிரை தோலின்மேல் நிற்கிறது. அதனால்தான் அந்தச் சட்டென்று அடங்கும் 'டொங்' சத்தம். ஆனால் அதே தோல் ஸ்பீக்கர் சத்தத்துக்கும் அதிரும், மைக் வைத்தால் ஊளையிடும். உள்ளே துணி அடைத்துச் சமாளிப்பவர்களும் உண்டு. தோலை எடுத்துவிட்டுக் கட்டையும் காந்த பிக்கப்பும் வைத்தால் ஊளை போகும், ஆனால் சத்தம் கித்தார் பக்கம் நழுவும். கலிபோர்னியாவின் டீரிங் நிறுவனம் செய்த கிராஸ்ஃபயர் இரண்டுக்கும் நடுவில் நிற்கப் பார்த்தது. அமெரிக்க பாஞ்சோ கலைஞர் பேலா ஃப்ளெக் வாசித்தாரே, அது. 1960களில் கித்தார் கம்பெனி ரிக்கன்பேக்கர் 'பாண்டார்' என்று பாஞ்சோவுக்கும் கித்தாருக்கும் பிறந்த பிள்ளை மாதிரி ஒன்று விற்றதாம். அதைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

கீபோர்டுகாரன்:
நான் அவரோடு மேடையேறியவன். பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்ப்பார், அறிவிப்பாளர் பாவம், பேசிப் பேசி மாய்வார். ஆனால் வாசிக்க ஆரம்பித்தால் வேறு ஆள். பாஞ்சோவின் ஐந்தாவது கம்பி குட்டை. தண்டின் தலையில் இல்லாமல், ஐந்தாம் கட்டத்தில்தான் தொடங்கும். கட்டைவிரலால் அதை விடாமல் மீட்டுவார், மேலே நிற்கும் சுருதி மாதிரி. கொஞ்சம் டிஸ்டார்ஷன் (சத்தத்தைக் கரகரப்பாக்குவது) வைத்து உருமி அடிக்கு அதைச் சேர்த்தபோது காவடி எடுத்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள். புல்புல் தாராவைவிட அதில்தான் அவர் கை பேசும் என்பேன்.

பால்மரத்துப் பேத்தி:
என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அவரோடு அங்கிளுக்குப் பழக்கம். ஒருநாள் பாட்டி, "இது வெள்ளைக்காரன் சாமானாச்சே, உனக்கெதுக்கு?" என்று கேட்டார். "இல்லக்கா, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகப் பிடித்துப் போனவர்கள் கரிபியன் கரும்புத் தோட்டங்களில் சுரைக்குடுக்கையில் தோல் கட்டிச் செய்தது. வெள்ளைக்காரன் பிறகுதான் எடுத்துக்கொண்டான்" என்றார். பாட்டி, "அப்போ நம்மளாட்டம் தோட்டத்து ஆளுங்க" என்று சொல்லிவிட்டு, இன்னொரு பாட்டு வாசிக்கச் சொன்னார்.

அப்புறம் ஒரு விஷயம். ஈப்போவில் பாஞ்சோ கம்பி வைத்திருக்கும் கடை தெரிந்தால் இங்கே போடுங்கள். முனையில் வளையம் போட்ட கம்பிதான் அவருக்கு வேண்டும். இப்போதைக்குக் கித்தார் கம்பியின் முனையில் இருக்கும் சின்னக் குண்டை இடுக்கியால் நசுக்கி எடுத்துவிட்டு, மிஞ்சும் வளையத்தை மாட்டிக்கொள்கிறார். நன்றாகத்தான் ஒலிக்கிறது, ஆனால் குண்டு தெறித்து எங்கள் வீட்டுப் பூனை இரண்டு தடவை ஓடிவிட்டது.