குஞ்சுகள் இறக்கும்போது எப்படித் தாங்கிக்கொள்கிறீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுகள். முதலில் எல்லாம் துறுதுறுவென்றுதான் இருந்தன. அப்புறம் ஒவ்வொன்றாக ஒடுங்க ஆரம்பித்து, முதல் வாரம் முடிவதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டன. ஒரே நாளில் போயிருந்தால்கூட ஏதோ நடந்துவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம், இது தினமும் காலையில் கூண்டைத் திறக்கவே கை வரவில்லை. வீட்டில் "குஞ்சுதானே, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்கிறார்கள். வருஷக்கணக்கில் வளர்க்கிறவர்கள் சொல்லுங்கள், உங்களுக்கு இதெல்லாம் பழகிவிடுமா?

*

பழகாது. எனக்குப் பழகவில்லை. "குஞ்சுதானே" என்பவர்களிடம் வாதம் செய்து களைத்துப்போகாதீர்கள், அவர்கள் கெட்டவர்கள் இல்லை, ராத்திரி எழுந்துபோய் குஞ்சுகளுக்குச் சூடு தரும் பல்பு எரிகிறதா என்று பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

என் அனுபவத்தில் சாவைவிட அதிகமாக அரிப்பது "எதனால்?" என்ற கேள்விதான். எனக்கும் ஒரு முறை உங்களைப் போலவே வரிசையாகப் போயின. சூடு சரியாக இருந்தது (முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ்), குஞ்சுகள் பல்புக்கு அடியில் குவியவும் இல்லை, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கவும் இல்லை. கால்நடை மருத்துவரிடம் கேட்டதும், "செத்ததை எடுத்து வாங்க, அதுவரை பிரிட்ஜில் வையுங்க, ஆனா உறைய விட்டுடாதீங்க" என்றார். உறைந்துவிட்டால் உள்ளுறுப்புகள் சிதைந்து எதையும் சரியாகப் பார்க்க முடியாதாம். அறுத்துக் காட்டினார். வயிற்றுக்குள் மஞ்சள் கரு கரையாமல் பச்சை பாய்ந்து நாற்றமடித்தது. பொரியும் முன்பு குஞ்சு மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும், அதற்குள் தொப்புள் சரியாக மூடாமல் கிருமி புகுந்துவிட்டால் வயிறு வீங்கி முதல் வாரத்திலேயே போய்விடும். அதாவது நான் கையில் எடுத்துக் கொஞ்சிய நேரத்திலேயே அதன் கதை பெரும்பாலும் முடிந்திருக்கிறது. இதைக் கேட்டதும் அழுகை நிற்கவில்லை, ஆனால் என்னை நானே திட்டிக்கொள்வது நின்றது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த மஞ்சள் கருவை வைத்துக்கொண்டு குஞ்சு இரண்டு மூன்று நாள் தீனியோ தண்ணீரோ இல்லாமல்கூட ஓட்டிவிடும். அதனால் சாப்பிடக் கற்றுக்கொள்ளாத குஞ்சும் மற்றதோடு சேர்ந்து ஓடிக்கொண்டுதான் இருக்கும், நமக்கு வித்தியாசமே தெரியாது. நாலாம் ஐந்தாம் நாள் இருப்பு தீர்ந்ததும் பொத்தென்று விழும். உங்களுடையது இப்படியா, தொப்புள் நோயா என்று வயிற்றைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். ராத்திரி கழுத்துக்குக் கீழே இருக்கும் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள், சாப்பிட்ட குஞ்சுக்கு அது நிறைந்து மெத்தென்று இருக்கும்.

பாசமாக வளர்க்கிறவர்கள் மிச்சக் குஞ்சுகளுக்குக் கெடுதல் செய்வதே இந்த இடத்தில்தான். ஒன்று செத்ததும் பதறிப்போய் தண்ணீரில் ஆன்டிபயாடிக்கைக் கலக்குவார்கள், அடுத்த நாள் வேறொன்று, நடுவில் யாரோ சொன்ன கஷாயம். தண்ணீர் கசந்தால் குஞ்சு குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும், அது போதாதென்று பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தூக்கிப் பார்த்து அதைத் தூங்கவும் விடுவதில்லை. காரணம் தெரியும்வரை சுத்தமான தண்ணீர், சூடு, காய்ந்த கூளம், இது போதும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மருந்து கொடுப்பதைவிடக் கஷ்டம், தெரியும்.

*

நான் இன்குபேட்டர் வைப்பதில்லை, அடைக்கோழிதான். எனக்கு நோயால் போனதைவிடப் பருந்து தூக்கியதுதான் அதிகம். ஒரு தடவை என் கண்ணெதிரிலேயே. தாய்க்கோழி அன்று முழுக்க மிச்சக் குஞ்சுகளை இறக்கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, தீனி போட்டும் வெளியே வரவில்லை. கோழிக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் குஞ்சுகள் மீது லேசாகக் காற்றை ஊதி, தாய் என்ன செய்கிறது என்று பார்த்தார்கள், 2011இல் வெளிவந்த ஆய்வு. தாய்க்கோழியின் இதயத் துடிப்பு கூடியது, கண்ணின் வெப்பம் குறைந்தது, குஞ்சுகளை அழைக்கும் குரலும் அதிகமானது. காற்று பட்டது என்னவோ குஞ்சு மேல்தான்! கோழிக்கே இப்படி என்றால் நமக்கு இருக்கக்கூடாதா?

இப்போது மேலேயும் வலை போட்டுவிட்டேன். பக்கவாட்டில் அறுகோணக் கண் வலையை நம்பாதீர்கள், அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், கீரியும் எலியும் உள்ளே வருவதைத் தடுக்காது. சின்னக் கண் உள்ள கெட்டியான கம்பி வலை வேண்டும்.

*

மேலே சொன்னதில் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கையில் எடுத்த நேரத்திலேயே "அதன் கதை பெரும்பாலும் முடிந்திருக்கிறது" என்பது முதல் வாரச் சாவுக்குச் சரி. மூன்று நான்கு வாரக் குஞ்சு இறகை உப்பிக்கொண்டு கண்ணைச் செருகி நின்றால், எச்சத்தில் ரத்தம் தெரிந்தால், அது பெரும்பாலும் ரத்தக் கழிச்சல். அப்போது கையைக் கட்டிக்கொண்டு உட்காரவே கூடாது, அன்றைக்கே மருத்துவரைக் கேட்டு மருந்து தொடங்கிவிட வேண்டும். ஆம்ப்ரோலியம்தான் வழக்கமாகத் தருவது. கூளம் ஈரமாக இருக்கிற இடத்தில் இது வேகமாகப் பரவும், தண்ணீர்த் தட்டைச் சுற்றித்தான் முதலில் நனையும், அந்த இடத்துக் கூளத்தை மட்டுமாவது தினமும் மாற்றுங்கள்.

மற்றபடி துக்கத்துக்கு என்னிடம் மருந்து எதுவும் இல்லை. நோட்டில் எழுதி வைப்பேன்: தேதி, வயசு, எச்சம் எப்படி இருந்தது, எங்கே கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும், அந்த நோட்டை வைத்துத்தான் ஒரு மூலையில் காற்று வீசுவதைக் கண்டுபிடித்தேன், செத்ததெல்லாம் அந்தப் பக்கமே கிடந்தன.

*

எனக்குச் செத்ததைவிடச் சாகாமல் இழுத்துக்கொண்டு கிடப்பதைப் பார்ப்பதுதான் முடியாது. கால் விரிந்துபோன குஞ்சு என்றால் முதல் ஓரிரு நாளுக்குள் மெல்லிய பட்டையால் இரண்டு காலையும் இடைவெளி விட்டுக் கட்டிவைத்தால் பெரும்பாலும் தேறிவிடும், வழுக்கும் செய்தித்தாளில் விடாமல் இருந்தால் சரி. பின்பக்கம் எச்சம் ஒட்டி அடைத்ததையும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்தே காப்பாற்றலாம். ஆனால் தலையைத் தூக்க முடியாமல், தண்ணீர் சொட்டையும் விழுங்காமல் கிடக்கிற குஞ்சுக்கு நாள் முழுக்க வாயில் ஊற்றிக்கொண்டிருப்பது அதற்காக இல்லை, நமக்காகத்தான். மூச்சுக்குழாயில் தண்ணீர் போனால் அதுவே அதைக் கொன்றுவிடும். இந்த நிலையில் நான் மருத்துவரிடம் கொண்டுபோய் வலியில்லாமல் முடிக்கச் சொல்லியிருக்கிறேன். அதைச் சொன்னதற்குச் சிலர் என்னிடம் பேசுவதை நிறுத்தினார்கள், பரவாயில்லை.

புதைப்பதாக இருந்தால் நாய் தோண்டாத ஆழத்தில், கிணற்றுக்குத் தள்ளி. வெறும் கையால் தொட வேண்டாம். திடீரென்று பெரிய கோழிகளும் சேர்ந்து கொத்தாகச் செத்தால் புதைக்கும் முன்பே கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள், பறவைக் காய்ச்சலா வெள்ளைக் கழிச்சலா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது அவர்கள்தான்.