சொல் வேண்டும்: அரசைக் கைப்பற்றலா, வளைப்பா, கோடலா?

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பொதுவுடைமை ஆட்சியிலிருந்து சந்தைப் பொருளாதாரத்துக்கு நிலைமாறும் நாடுகளில் ஊழல் ஒழிப்பு பற்றிய பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். 'ஸ்டேட் கேப்சர்' என்ற சொல்லைத் தாண்ட முடியாமல் நான்கு நாட்களாக நிற்கிறேன்.

1999இல் கிழக்கு ஐரோப்பாவிலும் முன்னாள் சோவியத் பகுதியிலும் 22 நாடுகளின் நிறுவனங்களிடம் கணக்கெடுப்பு நடந்தது. அதை வைத்து ஹெல்மன், ஜோன்ஸ், காஃப்மன் ஆகிய ஆய்வாளர் மூவரும் 2000இல் இதற்கு வரையறை தந்தார்கள். இருக்கும் விதியிலிருந்து தப்ப அலுவலருக்குப் பணம் கொடுத்தால் அது நிர்வாக ஊழல். விதியையே தனக்கேற்ப எழுதித் தரும்படி நாடாளுமன்றத்துக்கும் அமைச்சகத்துக்கும் மத்திய வங்கிக்கும் பணம் போனால் அது 'ஸ்டேட் கேப்சர்'.

கையேட்டில் உள்ள எடுத்துக்காட்டு: 1995இல் ரஷ்ய அரசு, வங்கியிடம் வாங்கும் கடனுக்கு ஈடாக, நோரில்ஸ்க் நிக்கல் நிறுவனத்தின் 38 விழுக்காட்டுப் பங்கை ஏலம் விட்டது. ஏலத்தை நடத்தித் தந்த ஓனெக்சிம் வங்கியே வென்றது. தொடக்க விலை 17 கோடி டாலர். வென்ற விலை 17 கோடியே 1 லட்சம். இரு மடங்குக்கு மேல் தர வந்த போட்டியாளரை ஒதுக்கிவிட்டார்கள். இத்தனைக்கும் அந்தத் திட்டம் அதிபரின் ஆணைப்படி நடந்தது. திருட்டு என்று சொன்னால் ஆணையைக் காட்டுவார்கள். என் தமிழ்ச் சொல்லில் இந்த நுட்பம் தெரியவேண்டும்.

முதலில் 'அரசைக் கைப்பற்றல்' என்று போட்டேன். பதிப்பாசிரியர் 'ராணுவப் புரட்சியா?' என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். அவர் கேட்டது நியாயம்தான். உதவுங்கள்.

—

அன்புடையீர்,

'அரசுகோடல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைப் போரைப் பாடும் உழிஞைத் திணைக்குத் தொல்காப்பியர் சொல்வது 'முழுமுதல் அரணம் முற்றலும் கோடலும்'. முற்றல் என்பது சுற்றி வளைப்பது, கோடல் என்பது கொள்வது. கொள் என்பதே தொழிற்பெயராகிக் கோடல் என நின்றது. நன்னூலில் மாணவன் பாடம் கொள்ளும் முறையும் 'கோடன் மரபு'தான்.

இதில் இன்னொரு சிறப்பும் உண்டு. கோடுதல் என்றால் வளைதல். 'கோல்கோடிச் சூழாது செய்யும் அரசு' என்கிறார் வள்ளுவர். ஆகவே கொள்ளப்பட்ட அரசு, கோணிய அரசு என இரண்டு பொருளும் ஒரே சொல்லில் அமைகின்றன. இத்தகைய பேறு எந்த மொழிக்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

ஊழல் என்ற சொல்லையும் இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். ஊழ்த்தல் என்றால் முதிர்தல், மலர்தல். 'இணரூழ்த்தும் நாறா மலர்' என்ற குறளில் அது மலர்தலே. முதிர்ந்தது உதிரும், அழுகும்; அங்கிருந்து வந்தது ஊழல். அப்படியானால் வினைப்பயனாகிய ஊழும் முதிர்ந்து வந்து சேர்வதுதானே? மூன்றுக்கும் வேர் ஒன்றே என்பது என் துணிபு. விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

—

> மூன்றுக்கும் வேர் ஒன்றே

ஐயா, பொறுத்தருளவேண்டும். ஊழலை ஊழோடு சேர்த்தால் அது விதிப்பயன் என்று ஆகிவிடும். நம் கையேடு விதிப்பயன் இல்லை என்று சொல்ல வந்த நூல். ஊழ் என்பதற்கு முறை என்ற பொருளும் இருக்கிறதே, அதை என்ன செய்வது? இந்த ஆராய்ச்சியை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.

—

வணக்கம். நான் பொருளியல் கற்பிக்கிறேன். இன்று காலை முப்பது மாணவர்களிடம் இரண்டு சொற்களையும் எழுதிக் காட்டினேன்.

'அரசுகோடல்' ஒருவருக்கும் புரியவில்லை. ஒரு மாணவி மட்டும் கோடல் என்றால் வெண்காந்தள் அல்லவா என்று கேட்டார். அவர் படித்தவர், எனக்கு மகிழ்ச்சி. ஆனால் ஊழலைப் பற்றிய பாடம் பூவில் போய் நின்றுவிட்டது.

பிறகு சொல்லைத் தராமல் நிகழ்ச்சியைச் சொன்னேன். 2017 ஜனவரி 31 இரவில் ருமேனிய அரசு அவசர ஆணை எண் 13ஐப் பிறப்பித்தது. இரண்டு லட்சம் லெய்க்கு (லெய் அந்நாட்டு நாணயம்) குறைந்த இழப்பு என்றால் அதிகார முறைகேடு குற்றமே ஆகாது என்றது அது. லட்சக்கணக்கானோர் குளிரில் தெருவுக்கு வந்தார்கள். சில நாட்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. இப்படி எழுதச் செய்பவனைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். பின் வரிசையிலிருந்து உடனே பதில் வந்தது: "அரசாங்கத்தை வளைத்துப் போட்டுவிட்டான்."

நிலத்தை வளைத்துப் போடுவது, அதிகாரியை வளைத்துப் போடுவது என நாம் நாளும் சொல்வதுதானே? சண்டையிடாமல், வேலி போட்டு, பட்டாவும் வாங்கிவிடுவது. 'அரசு வளைப்பு' என்றே வைக்கலாம்.

—

அம்மா, 'வளைப்பு' எனக்கும் பிடித்திருக்கிறது. ஆயினும் இரண்டு தடைகள் உண்டு.

சட்டத்தை வளைத்தான் என்றால் இருக்கும் சட்டத்தை மீறினான் என்றுதான் பத்திரிகை எழுதுகிறது. அது நிர்வாக ஊழல். எந்த இரண்டைப் பிரிக்க இந்தச் சொல் வேண்டுமோ, அந்த இரண்டையும் இது மறுபடி கலக்கிவிடும்.

அடுத்தது இலக்கணம். அரசை வளைப்பதா, அரசு வளைப்பதா? 'புலி கொல் யானை'யில் கொன்றது எது என்று உரையாசிரியர்கள் கேட்ட கேள்வி இங்கேயும் எழும். செய்தது எது, செய்யப்பட்டது எது என்று தடுமாற வைக்கும் இதைத் தடுமாறு தொழிற்பெயர் என்பார்கள். 'அரசு நில வளைப்பு' என்று வந்தால் அரசே வளைத்ததாக ஆகிவிடும். 'அரசு ஆக்கிரமிப்பு' எல்லோருக்கும் புரியும், ஆனால் அதிலும் இதே சிக்கல்.

—

ஆக்கிரமிப்பு வடசொல். இந்தக் குழு தொடங்கியது அதற்காக அன்று.

—

லஞ்சம் வாங்கியவன் கையூட்டு என்ற சொல்லுக்கு அஞ்சமாட்டான், ஐயா. லஞ்சம் என்றால் அஞ்சுவான். கலைச்சொல் எதிரிக்கும் புரியவேண்டும்.

—

> லஞ்சம் என்றால் அஞ்சுவான்

இதை மனவருத்தத்தோடு எழுதுகிறேன். கையூட்டு என்பதை மேடையில் ஒரு தலைமுறை சொல்லிச் சொல்லித்தான் மக்கள் அறிந்தார்கள். முதல் நாளிலேயே புரியும் சொல்லைத்தான் ஏற்போம் என்றிருந்தால் இன்று 'நாடாளுமன்றம்' கிடையாது. புரியாமை சொல்லின் குற்றமன்று. நாம் சொல்லாததன் குற்றம்.

—

இழையைத் தொடங்கியவன் மீண்டும் எழுதுகிறேன்.

ஐயா சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் எனக்குச் சொல் ஒன்று போதாது, அதன் குடும்பமே வேண்டும். கையேட்டில் வளைக்கும் நிறுவனம், வளைக்கப்பட்ட நீதிமன்றம், இன்னும் வளைக்கப்படாத ஆணையம் எல்லாம் வருகின்றன. 'கோடற்பட்ட நீதிமன்றம்' என்று எழுதிப் பார்த்தேன். அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

கடைசி இயல் முழுவதும் உக்ரைன். 2014 புரட்சிக்குப் பின், 2015இல் தனிப் புலனாய்வுப் பணியகம் அமைத்தார்கள். அது கொண்டுவந்த வழக்குகள் பழைய நீதிமன்றங்களில் தேங்கின. 2019இல்தான் ஊழலுக்கென உயர் நீதிமன்றம் தனியே இயங்கத் தொடங்கியது. 2025 ஜூலையில் பணியகத்தின் தன்னாட்சியைக் குறைக்கும் சட்டம் நாடாளுமன்றத்திலேயே நிறைவேறியது. மக்கள் எதிர்த்தபின் பத்து நாட்களுக்குள் புதிய சட்டம் அதைச் சரிசெய்தது. இரு முறையும் களம் ஒன்றே: யார் விதியை எழுதுவது? போர்க்களத்தில் கோட்டையைக் கொண்டவன் கொடியை ஏற்றுவான். இங்கே கொடி மாறுவதே இல்லை. பழைய கொடியின் கீழேயே எல்லாம் நடக்கிறது. 'கைப்பற்றல்' பொருந்தாததற்கும், வளைத்துப் போட்டதாக மாணவர் சொன்னது பொருந்துவதற்கும் காரணம் இதுதான்.

புலிகொல் யானைக்குத் தீர்வாக வேற்றுமை உருபை விரித்து 'அரசை வளைத்தல்' என்றே எழுதப் போகிறேன். தலைப்புகளில் மட்டும் 'அரசு வளைப்பு'. சட்டத்தை மீறுவதைக் குறிக்கும் இடங்களில் நூல் முழுவதும் 'வளைத்தல்' என்ற சொல்லை நீக்கிவிடுகிறேன். பதினேழு இடம், இன்றிரவு முடித்துவிடலாம்.

ஒன்று மட்டும் மிச்சம். வளைக்கப்பட்ட அரசைத் திரும்பப் பெறுவதற்கு என்ன சொல்? 'அரசு மீட்பு' என்றால் கடன்பட்ட அரசுக்குப் பண உதவி செய்வது போல ஒலிக்கிறது.

—

ஆநிரை கவர்வது வெட்சி. அதை மீட்பது கரந்தை. கரந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'அரசு வளைப்பு'க்கு என் இசைவு இல்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளவும். ஊழ் பற்றிய மடல் நாளை வரும்.