செப்பிலோக் போனால் ஒராங் உத்தானைக் கட்டாயம் பார்க்க முடியுமா?

கிள்ளான்வாசி:
வணக்கம் மக்களே. பள்ளி விடுமுறையில் கிழக்கு மலேசியாவின் சபா மாநிலத்துக்குப் போகிறோம், சண்டாக்கானில் ஒன்றரை நாள்தான் இருப்போம். பக்கத்தில் இருக்கும் செப்பிலோக் ஒராங் உத்தான் (மனிதக் குரங்கு) மறுவாழ்வு மையத்துக்குப் போகலாம் என்று இருக்கிறோம். என் மகளுக்கு 7 வயது, குட்டி ஒராங் உத்தானைத் தூக்கி வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நடக்குமா? நண்பர் ஒருவர் போய் ஒன்றைக்கூடப் பார்க்காமல் வந்தாராம், அதுவும் பயமாக இருக்கிறது.

மழைக்காட்டுப்பித்தன்:
தூக்குவது நடக்கவே நடக்காது அண்ணே, மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். நம் சளி, இருமல் எல்லாம் அதற்கும் தொற்றும், அதனால்தான் தள்ளி நிற்க வைக்கிறார்கள். உங்களில் யாருக்காவது காய்ச்சல் என்றால் போகாதீர்கள்.

1964இல் தொடங்கிய இடம் அது. காடு வெட்டும்போதும் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம் போடும்போதும் தாயை இழந்த குட்டிகள், வீட்டில் சட்டவிரோதமாக வளர்த்துப் பிடிபட்டவை, இவைதான் அங்கே வருகின்றன. மரம் ஏற, இரை தேட, கூடு கட்ட எல்லாம் தாயிடம் ஆறேழு வருடம் கூடவே இருந்து கற்றுக்கொள்ள வேண்டியவை. தாய் இல்லாததால் மனிதர்கள் பழக்குகிறார்கள்.

பார்ப்பதற்கு காலை 10 மணி, மாலை 3 மணி, இரண்டு முறை மேடையில் பழம் வைப்பார்கள். வேலி கிடையாது, வந்தால் வரும். காட்டில் பழம் காய்க்கும் பருவமென்றால் எட்டிக்கூடப் பார்க்காது. உங்கள் நண்பர் போனது அப்படி ஒரு நாளாக இருக்கும்.

சண்டாக்கான் மருமகள்:
மேடையில் தினமும் ஒரே மாதிரிச் சாப்பாடு போடுவதே வேண்டுமென்றுதான். சலித்துப்போய்க் காட்டுக்குள் தானே தேடிக்கொள்ளட்டும் என்று. நாங்கள் போனபோது முதல் இருபது நிமிடம் ஒன்றும் இல்லை, மாமியார் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். அப்புறம் தூரத்தில் கயிறு மட்டும் ஆடியது. ஒரு தாய், விலாவோடு ஒட்டிக்கொண்டு குட்டி. வாயில் ஒரு பழம், கையில் இரண்டு, காலில் ஒன்று என்று அள்ளிக்கொண்டு, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் போய்விட்டது. மாமியார் இன்னும் அதைத்தான் பேசுகிறார்!

மகளுக்கு, குட்டிகள் பழகும் இடத்தைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து பார்க்கலாம். அது பிடிக்கும்.

பையை லாக்கரில் வைத்துவிட வேண்டும். தொப்பி, கண்ணாடி கவனம். ஒராங் உத்தான் இல்லை, பன்றிவால் குரங்குகள்தான் பிடுங்கும். கேமராவுக்குத் தனிக் கட்டணம். மைகாட் (மலேசிய அடையாள அட்டை) மறக்காதீர்கள், மலேசியர்களான நமக்கு நுழைவுக் கட்டணம் குறைவு.

கிள்ளான்வாசி:
நன்றி அக்கா, நன்றி தம்பி. ஒரே நாளில் காலை, மாலை இரண்டுக்கும் நின்றால் வாய்ப்பு கூடுமா?

மழைக்காட்டுப்பித்தன்:
கூடும், நான் அப்படித்தான் செய்தேன். நடுவில் பக்கத்திலேயே தேன் கரடிக் காப்பகம் இருக்கிறது, நடந்தே போகலாம். அங்கே கரடிகள் எப்போதும் இருக்கும், மகள் முகம் வாடாது.