'அவனை வரச் சொன்னேன்': இரண்டு வினைக்கு நடுவில் நிற்கும் 'ஹிம்'

தொடக்கப் பதிவு

ஒரே ஒரு வினைச்சொல்லால் உடன் வேலை பார்ப்பவர் மனம் புண்பட்டுப் போனது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் இங்கே எழுதுங்கள்.

ஓர் ஒப்பந்தத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் கையெழுத்து வேண்டியிருந்தது. அவர் நிதானமாகப் படித்தார், இரண்டு சந்தேகம் கேட்டார், போட்டுக் கொடுத்தார். நான் மேலாளருக்கு 'ஐ மேட் ஹெர் சைன் இட்' என்று மின்னஞ்சல் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஃபோன் வந்தது. "அவங்களுக்கு விருப்பம் இல்லையா? வற்புறுத்தியா வாங்கினீங்க?" மின்னஞ்சலின் நகல் அந்தப் பெண்ணுக்கும் போயிருந்தது. அன்று முழுக்க அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

என் மனதில் ஓடியது 'கையெழுத்துப் போட வைத்தேன்' என்ற தமிழ். நம் 'வை' பரந்த மனசுக்காரன். சிரிக்க வைக்கலாம், மருந்து குடிக்க வைக்கலாம், வீட்டுப்பாடம் எழுத வைக்கலாம். மிரட்டலா, கெஞ்சலா, சும்மா ஒரு ஏற்பாடா என்பதைக் கேட்பவர் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் அதை வினையே சொல்லிவிட வேண்டும். 'மேட் ஹெர் சைன்' என்றால் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. 'காட் ஹெர் டு சைன்' என்றால் தயங்கினார், பேசிச் சம்மதிக்க வைத்தேன். 'லெட் ஹெர் சைன்' என்றால் அவர் போட விரும்பினார், நான் குறுக்கே நிற்கவில்லை. நான் எழுதியிருக்க வேண்டியது 'ஹேட் ஹெர் சைன்': சொன்னேன், போட்டார், வேலை முடிந்தது. இந்த நான்கில் 'கெட்' மட்டும்தான் 'டு' கேட்கும் என்பதையும் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

'மேட் ஹெர் லாஃப்' என்பதில் இந்தக் கட்டாய வாடை கிடையாது. சிரிப்பும் அழுகையும் தானாக வருபவை. கையெழுத்து அப்படி இல்லை.

மறுநாள் அவரிடம் போய் விளக்கினேன். அவரும் தமிழ்தான். 'போட வைத்தேன்' என்று நான் சொன்னதுமே புரிந்துகொண்டார்.

பள்ளி ஆசிரியை

பல வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன். பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது 'வான்ட்'டில். 'ஐ வான்ட் தட் ஹீ ஷுட் கம்' என்பார்கள், இல்லாவிட்டால் 'ஐ வான்ட் ஹீ டு கம்'. காரணம் எளிது. தமிழில் 'அவன் வர வேண்டும்' என்கிறோம். அவன் எழுவாயாகவே நிற்கிறான். ஆங்கிலத்தில் வரப்போகிறவன் அவனே என்றாலும், முதல் வினைக்குச் செயப்படுபொருள் ஆகி 'ஹிம்' என்று மாறிவிடுகிறான்.

இதை விதியாகச் சொன்னபோது யாருக்கும் ஏறவில்லை. ஒருநாள் பலகையில் 'அவனை வரச் சொன்னேன்' என்று எழுதினேன். கடைசி வினையை மட்டும் முன்னால் தூக்கி வைத்தேன்: சொன்னேன் அவனை வர. அதற்குக் கீழே 'டோல்ட் ஹிம் டு கம்'. ஒரு பையன், "மிஸ், 'ஐ' உருபுதான் ஹிம்மா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்காக அவனை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். 'வர' என்ற நம் செயவென் எச்சம் 'டு கம்'மின் இடத்தில் அப்படியே பொருந்துகிறது. 'அவளைப் போக விட்டேன்' என்பதை 'லெட் ஹெர் கோ' ஆக்கிப் பாருங்கள், 'டு' விழுந்துவிடும், மற்றபடி அதே வரிசை.

பிழை ஏன் சீக்கிரம் கண்ணில் படுவதில்லை தெரியுமா? 'யூ', 'இட்' இரண்டும் எங்கே நின்றாலும் உருவம் மாறாதவை. 'ஐ வான்ட் யூ டு கம்' என்று சரியாகவே பேசிக்கொண்டிருப்பவரிடம் 'ஹீ'யையும் 'தே'யையும் கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும்.

அப்புறம், 'சொல்' நமக்கு ஒன்று, அவர்களுக்கு 'ஸே', 'டெல்' என்று இரண்டு. இந்த அச்சில் 'டெல்' மட்டுமே உட்காரும். 'சஜஸ்ட்'டும் உட்காராது, 'சஜஸ்டட் ஹிம் டு கோ' என்று பெரிய பதவியில் இருப்பவர்கள்கூட எழுதுகிறார்கள். 'சஜஸ்டட் தட் ஹீ கோ' என்பதே சரி.

வரவேற்பு வேலையில் இருப்பவர்

என்னுடையது சின்ன அனுபவம். அப்பா அம்மாவோடு ஒரு கட்டடத்துக்குள் போக வேண்டும். வாசலில் நின்ற காவலருக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். அப்பா பணிவாக 'ப்ளீஸ், லெட்ஸ் கோ இன்' என்றார். காவலர் தன்னையும் கூட வரச் சொல்வதாக நினைத்து, இடத்தை விட்டு நகர முடியாது என்று தன் நாற்காலியைக் காட்டினார். நான் 'லெட் அஸ் இன்' என்றதும் கதவைத் திறந்தார்.

தமிழர்களுக்கு இது சட்டென்று விளங்க வேண்டிய இடம். 'லெட்ஸ்' என்றால் நாம். கேட்பவரும் சேர்ந்தே போகிறார். அவரிடம் அனுமதி கேட்கும் 'லெட் அஸ்' நாங்கள். அவர் அதில் இல்லை. 'வீ', 'அஸ்' இரண்டிலும் ஆங்கிலம் இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை, இந்தச் சுருக்கத்தில் மட்டும் எப்படியோ வந்துவிட்டது. பிரார்த்தனையிலும் மேடையிலும் 'லெட் அஸ்' என்று விரித்துச் சொல்லி நாம் என்ற பொருளில் வருவதுண்டு. ஆனால் 'லெட்ஸ்' ஒருபோதும் 'எங்களை விடுங்கள்' ஆகாது.

இன்னொருவர்

விபத்து ஒன்றைப் பார்த்ததால் வாக்குமூலம் கொடுத்தேன். 'ஐ ஸா ஹிம் கிராஸ் த ரோட்' என்றேன். எழுதிக்கொண்டவர் பேனாவை நிறுத்தி, முழுக்கக் கடந்து முடித்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டார். நான் பார்த்தது பாதி வழியில்தான், 'க்ராஸிங்' என்று திருத்தினார். வண்டி எங்கே மோதியது என்பதே அந்த ஒரு விகுதியில் அடங்கியிருந்தது.

தொடக்கப் பதிவர்

ஆசிரியை அம்மாவிடம் ஒரு கேள்வி. 'தே மேட் ஹிம் வெயிட்' என்பதில் 'டு' இல்லை. 'ஹீ வாஸ் மேட் டு வெயிட்' என்று செயப்பாட்டுவினை ஆக்கினால் எங்கிருந்தோ வந்து நிற்கிறதே?

பள்ளி ஆசிரியை

பழைய ஆங்கிலத்தில் 'மேக்'குக்குப் பின்னாலும் 'டு' வருவது சகஜம். 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளின் 23ஆம் சங்கீதத்தில் 'ஹீ மேக்கத் மீ டு லை டவுன்' என்றுதான் இருக்கிறது. செய்வினையில் அது உதிர்ந்துபோனது, செயப்பாட்டில் தங்கிவிட்டது. 'ஹெல்ப்' மட்டும் இன்றும் இரண்டையும் ஏற்கும்: 'ஹெல்ப் மீ கேரி', 'ஹெல்ப் மீ டு கேரி'.

மொழிபெயர்ப்பாளர்

'லெட்' பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். இந்திய பாஸ்போர்ட்டின் உள்ளே, குடியரசுத் தலைவர் பெயரால் ஒரு வேண்டுகோள் இருக்கும். அதில் 'அலவ் த பேரர் டு பாஸ் ஃப்ரீலி வித்அவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று வரும். முதல் பாதி நீங்கள் பேசும் அச்சேதான்: அலவ், ஆள், டு, வினை. ஒரு பெரியவருக்காக அதைத் தமிழில் எழுதியபோது, 'வித்அவுட் லெட்' என்பதை 'அனுமதி இல்லாமல்' என்று எழுதிவிட்டேன். அனுமதி இல்லாமல் தாராளமாகப் போக விடுங்கள்! அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தம்பி, இது இடிக்குதே" என்றார்.

இடிக்கத்தான் செய்தது. அகராதியைப் புரட்டினால், பழைய ஆங்கிலத்தில் 'விடு' என்றும் 'தடு' என்றும் பொருள்பட்ட இரண்டு வேறு சொற்கள் காலப்போக்கில் ஒரே 'லெட்' ஆகிவிட்டன. 'லெட் மீ கோ'வில் இருப்பது விடு. பாஸ்போர்ட்டில் இருப்பது தடை. டென்னிஸில் வலையை உரசி விழும் சர்வீஸை 'லெட்' என்பதும் அந்தத் தடைதான். பெரியவரின் தாளில் 'தடையோ இடையூறோ இன்றி' என்று திருத்திக் கொடுத்தேன்.